சட்டைப் பை உயரம்

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு விட்டம் விரிசல் விட்டது. காலையில் எழுந்து பார்த்தால் ஓட்டுக் கூரை நடுவில் தொய்ந்து கிடந்தது. ஒரு கம்பை வெட்டிவந்து வீட்டின் நடுவே நிறுத்தி முட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கம்பைச் சுற்றித்தான் குடும்பம் நடத்தினோம். என் மனைவி ஒரு பக்கம், நான் மறுபக்கம். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் தலையைச் சாய்க்க வேண்டும். பேசக் கூச்சப்படுகிற எனக்கு இது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. அவளுக்கு இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் நின்றது. வளைவில்லாமல் வளர்ந்த மரம். பலாவில் விட்டம் போட்டால் கறையான் தொடாது. அடுத்த மழைக்குள் அதை வெட்டி விட்டம் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூரை தலையில் இறங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மச்சினனிடம் சொல்லி வைத்திருந்தோம். என் மனைவியின் தம்பி அவன். கோடாலி பிடிப்பதில் கெட்டிக்காரன். வாய் கோடாலியைவிடக் கூர்மை.

அவன் வருவதாகச் சொன்ன வாரத்துக்கு முந்தின வாரம் ஜீப் வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொல்லிமலைக்கு அப்போதெல்லாம் ஏதாவது ஒரு திட்டம் வந்துகொண்டே இருக்கும். மிளகுக்கு ஒன்று, சாமைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. இது காற்றுக்கு வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊரைக் கூட்டி விளக்கினார். தூரதேசத்துத் தொழிற்சாலைகள் புகை விடுகின்றன. புகையால் பூமி சூடாகிறது. மழை முறை தவறுகிறது. மரம் அந்தப் புகையில் உள்ள கரியைத் தின்று தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. ஆகவே புகை விடுகிறவர்கள், மரம் வைத்திருக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து அந்தக் கரியை வாங்கிக்கொள்வார்கள். இதற்குக் கார்பன் சந்தை என்று பெயர்.

சந்தை என்றதும் ஓர் அம்மா அது எந்தக் கிழமை என்று கேட்டார். கிழமை எல்லாம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத சந்தை என்றார் அதிகாரி. வாங்கின கரியைக் கொண்டுபோக யார் வருவார்கள் என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். யாரும் வர மாட்டார்கள், அது மரத்துக்குள்ளேயே இருக்கும், நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. வாங்கின சரக்கை விற்றவனிடமே விட்டுவிட்டுப் போகிற வியாபாரியை எங்கள் மலையில் யாரும் கண்டதில்லை.

மச்சினன் எழுந்தான். "அவங்க புகை இங்க எப்படிங்க வரும்? நம்ம கொண்டை ஊசி வளைவுல லாரியே மூச்சு வாங்குது."

புகை வர வேண்டியதில்லை, வானம் எல்லோருக்கும் ஒன்றுதான், எங்கே விட்டாலும் எங்கே தின்றாலும் கணக்கு சரியாகிவிடும் என்று அதிகாரி பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப வியாதி அவங்களுக்கு, பத்தியம் எங்களுக்கு. அப்படித்தானுங்களே?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். ஏறக்குறைய அப்படித்தான் என்றார். அந்த நேர்மைக்காகவே ஊர் திட்டத்துக்குச் சம்மதித்தது.

மரத்தில் எவ்வளவு கரி இருக்கிறது என்று தெரிய அதன் சுற்றளவை எடுக்க வேண்டும். எந்த உயரத்தில் எடுப்பது என்பதற்கு ஒரு விதி இருந்தது. ஆளின் நெஞ்சு உயரம். ஆளுக்கு ஆள் நெஞ்சு வேறு என்பதால் அதற்கென்று ஒரு குச்சியை அளவு வைத்துச் சிவப்புப் பூசிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் குச்சி வரும் வழியில் ஏதோ ஒரு வளைவில் ஜீப்பிலிருந்து விழுந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. அதிகாரி டேப்பைத் தரையில் ஊன்றி உயரம் பார்க்க முயன்றார். அது வளைந்து வளைந்து விழுந்தது. பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தவன் நான். என்மீது டேப்பைப் பிடித்துப் பார்த்தார். என் சட்டைப் பையின் மேல் ஓரம் மிகச் சரியாக அந்த உயரத்தில் இருந்தது.

"அண்ணா, நீங்க கூட வந்தீங்கன்னா எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அப்படி நான் குச்சியானேன். மரத்துக்கு முதுகைக் கொடுத்து விறைப்பாக நிற்பேன். அதிகாரி என் பைக்கு நேராக மரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். நான் விலகுவேன், அவர் டேப்பைச் சுற்றுவார். பிறகு அடுத்த மரம். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாடு, வளப்பூர் நாடு, பெரக்கரை நாடு என்று மரம் மரமாக நின்றேன். இதில் பேச வேண்டிய அவசியமே இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்த வேலை வேறு இல்லை. ஆனால் போகிற இடமெல்லாம் பெண்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். ஒரு கிழவர் தன் வீட்டுச் சுவரோரமும் என்னைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நின்றேன்.

இதில் ஒரு சங்கடம், சட்டை. என் இன்னொரு சட்டையின் பை ஒரு விரல் கீழே இருந்தது. ஆகவே அளந்து முடிக்கும்வரை முதல் நாள் போட்டிருந்த சட்டையை மாற்றக் கூடாது என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். என் மனைவி தினமும் சாயங்காலம் அதைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டாள். முதல் வாரம் சிரித்துக்கொண்டு துவைத்தாள். பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் மரத்தின் முறையும் வந்தது. அவள் அன்று சந்தைக்குப் போயிருந்தாள். வழக்கம்போல முதுகைக் கொடுத்து நின்றேன். அதிகாரி கோடு போட்டார், அளந்தார், அருமையான மரம் என்றார். எண் எழுதிய தகரம் ஒன்றை எடுத்தார். தகரம் அடித்த மரத்தை முப்பது வருடம் வெட்டக் கூடாது என்பது விதி. இது விட்டத்துக்கு வைத்திருக்கிற மரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆணி உள்ளே போய்விட்டது.

அவள் வந்ததும் தகரத்தைப் பார்த்தாள். நான் விதியைச் சொன்னேன். வீட்டுக்குள் போய் முட்டுக் கம்பை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, இந்தக் கம்பு முப்பது வருசம் நிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னாள்.

செம்மேட்டில் ஒரு கடை மாடியில் திட்ட ஆபீஸ் இருந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. கூப்பிடாமலே வந்துவிட்டீர்களே என்று டீ வாங்கிக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை அடுத்த ஊரில் மரத்தோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் போனேன், அப்போதும் அதுவே நடந்தது. நான் கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் திட்டம்தான் வளர்ந்தது. கடைசியில் மனைவி என்னை அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. மரவள்ளி சுண்டுவிரல் பருமனுக்குத்தான் கிழங்கு வைத்தது. மலையே வறண்டு கிடந்ததை நினைத்து எல்லோரும் கவலைப்பட்டார்கள். எங்கள் கூரை மட்டும் அதனால் பிழைத்தது. மழை பெய்யாதவரை நம்முடையதும் நல்ல வீடுதான் என்று மனைவி சொல்லுவாள்.

மூன்றாம் வருடம் அதிகாரி மறுபடி வந்தார். மரங்கள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று அளக்க வேண்டும், அதைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வரப்போகிறார் என்றார். அளவுகோலை மாற்றக் கூடாது என்பது விதியாம். முதல் தடவை எதனால் அளந்தோமோ அதனாலேயே அளக்க வேண்டும். தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை எனக்கு பூட்ஸ் கொடுத்தார். முதல் வருடம் எடுத்த போட்டோக்களில் நான் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து மேலிடத்தில் சங்கடப்பட்டார்களாம். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்றார்களாம். முழங்கால் வரை வரும் கறுப்பு பூட்ஸ், அடிப்பாகம் மூன்று விரல் தடிமன். எனக்கு வெறுங்கால்தான் பழக்கம். ஆனால் மறுக்கத் தெரியாதே. ஒரு காரியத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். எங்கள் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே செருப்பு போகக் கூடாது. கோயில் இருக்கிற மண். அந்நியர் ஆனாலும் கல்லருகே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆகவே ஊருக்குள் இருந்த மரங்களுக்கு வெறுங்காலோடு நின்றேன். மற்ற ஊர்களிலும் எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களிலும் பூட்ஸோடு நின்றேன். எங்கள் வீடு தோட்டத்தில் இருந்தது, கல்லுக்கு வெளியே.

அளந்து முடித்து அதிகாரி செம்மேட்டில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடாத முகத்தோடு வந்தார். மூன்று நாட்டு மரங்களும் சிறுத்துப் போயிருந்தன. எங்கள் ஊருக்குள் இருந்தவை மட்டும் லேசாகப் பருத்திருந்தன.

செய்தி மலை முழுக்கப் பரவியது. ஊர்க்கவுண்டர் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, சாமி காவல் இருக்கிற மண் அப்படித்தான் என்றார். வெளியூர்க்காரர்கள் எங்கள் எல்லைக்கல்லுக்கு வந்து மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். வறட்சியில் மாடு இளைக்கிறது, மனுஷன் இளைக்கிறான், மரம் மட்டும் ஏன் இளைக்கக் கூடாது என்று மச்சினன் கேட்டான். நான் மரங்களைப் பார்த்தேன். எனக்கு அவை இளைத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் கம்ப்யூட்டரை எதிர்த்துப் பேச நான் யார்.

வைகாசியில் வெள்ளைக்காரர் வந்தார். நல்ல மனுஷர், வியர்வையில் குளித்திருந்தார். நேராக எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்தார்கள். சிறுத்துப்போன மரங்களில் அதிகமாகச் சிறுத்தது எங்கள் பலா. கணக்குப்படி அது கிட்டத்தட்ட ஒரு வாழை.

நான் பூட்ஸோடு நின்றேன். வெள்ளைக்காரர் தன் கையாலேயே அளந்தார். அதிகாரி எழுதியிருந்தது சரியாக இருந்தது. வெள்ளைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு காகிதத்தைக் காட்டினார். அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன என்று அதிகாரி எங்களுக்குச் சொன்னார். வளர்ந்தது, வெட்டப்பட்டது, செத்தது. இளைத்தது என்று ஒரு கட்டம் இல்லை. வளரவில்லை என்பது அளவிலேயே தெரிகிறது. வெட்டவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது.

நாங்கள் எல்லோரும் மரத்தைப் பார்த்தோம். அடிமரத்திலிருந்து உச்சிவரை பழம் தொங்கியது. வாசனைக்கு ஈ மொய்த்தது.

என் மனைவி முன்னால் வந்தாள். அவள் அதிகாரியிடம்தான் கேட்டாள், ஆனால் கண் வெள்ளைக்காரர்மேல் இருந்தது.

"ஏனுங்க சார், செத்த மரத்த வெட்டலாமுங்களா?"

அதிகாரி மொழிபெயர்த்தார். வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும், செத்த மரத்தைப் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்று பதில் வந்தது.

"அப்படீன்னா இது செத்துப் போச்சுங்க."

வெள்ளைக்காரர் பழங்களைக் காட்டி ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"சாகப் போற மரந்தானுங்க இப்படிக் கொட்டிக் காய்க்கும். எங்க பக்கத்துல யார வேணாலும் கேட்டுப் பாருங்க" என்றாள். அது உண்மைதான், எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதுண்டு. அதோடு ஒரு பழத்தைப் பிளந்து சுளைகளைத் தட்டில் வைத்து நீட்டினாள். வெள்ளைக்காரர் ஒன்று தின்றார். இன்னொன்று தின்றார். மச்சினன் என் காதருகே வந்து, "சாவு ஊட்டுல சாப்பிட்டாச்சு மச்சான், இனிக் குளிச்சிட்டுத்தான் போகணும்" என்றான்.

வெள்ளைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் குறி போட்டார். அதிகாரி பெருமூச்சு விட்டார். அளவு தப்பு என்று ஆகியிருந்தால் அவருடைய மூன்று வருட உழைப்பும் தப்பாகியிருக்கும். மரங்கள் சாவது அவருக்கு அதைவிடத் தேவலை. மூன்று நாட்டிலும் தகரம் அடித்த மரங்கள் எல்லாம் அந்த மத்தியானத்தில் செத்துப்போனதாக ஆயின. எங்கள் ஊருக்குள் இருந்தவை மட்டும் மிச்சம். அவற்றைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

எல்லைக்கல் வந்தது. ஊர்க்கவுண்டர் அங்கே காத்திருந்தார். அதிகாரி செருப்பைக் கழற்றினார். வெள்ளைக்காரரும் ஷூவைக் கழற்றக் கல்லின்மேலேயே உட்காரப் போனார். அது உட்காருகிற கல் இல்லை சாமி என்று கவுண்டர் அவரைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினார். நான் பூட்ஸைக் கழற்றினேன். இறுக்கமாக இருந்ததால் நேரமாயிற்று. கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது வெள்ளைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை மறுபடி பூட்ஸ் போடச் சொன்னார். போட்டேன். பக்கத்தில் இருந்த கவுண்டரின் பலாவில் சாயச் சொன்னார், அது கல்லுக்கு இந்தப் பக்கம் வேர்விட்ட மரம். கோடு போட்டார். கழற்றச் சொன்னார், கோடு போட்டார். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் மூன்று விரல். கீழ்க் கோட்டில் மரம் பருமன், மேல் கோட்டில் ஒல்லி. பலா மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டுதான் போகும். அதிகாரி அந்தக் கோடுகளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு என் பூட்ஸைப் பார்த்தார். அவரே வாங்கிக் கொடுத்தது.

வெள்ளைக்காரர் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. கவுண்டருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. இருந்தாலும், பூட்ஸைக் கழற்ற வைத்து உண்மையைக் காட்டியது யார், சாமிதானே என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

எல்லா மரங்களையும் வெறுங்கால் உயரத்துக்குத் திருத்துவதென்று முடிவாயிற்று. காகிதத்தில் செத்த மரங்கள் ஒவ்வொன்றாக உயிர்த்தெழுந்தன. முதலில் எங்கள் தோட்டத்துக்குப் போய் வெறுங்காலோடு மறுபடி அளந்து, செத்தது என்ற குறியை அடித்துவிட்டு வரலாம் என்றார்கள். மரம் பிழைத்துவிட்டால் அடுத்த ஐப்பசியில் கூரை பிழைக்காது. அந்த வருடம் வானம் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் தரையில் கிடந்தது. எங்களோடு ஊருக்குக் கிளம்பியவர்களில் மச்சினன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தனியாகவும் வெட்டவில்லை, நாலு பேரைச் சேர்த்திருந்தான். மனைவி பழங்களை எல்லாம் ஓர் ஓரமாகக் குவித்து, வந்த பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலையில் செத்ததாகச் சொன்ன மரங்கள் எல்லாம் பேச்சு மாறிவிட்டன. எங்கள் மரம் ஒன்றுதான் சொன்ன சொல்லில் நின்றது.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். செத்தது என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததால் வெட்டினோம் என்று மனைவி அமைதியாகச் சொன்னாள். வெள்ளைக்காரர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார். இதை என்ன செய்யப் போகிறாய் என்கிறார் என்று அதிகாரி சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குச்சியாக நிற்கிறவனிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

"விட்டத்துக்குங்க" என்றேன். "ஊட்டுக்கு."

அவர் வீட்டுக்குள் வந்தார். தொய்ந்த கூரையைப் பார்த்தார், முட்டுக் கம்பைப் பார்த்தார், அதில் தலையை இடித்துக்கொண்டார். எரிக்க மாட்டாயா என்று கேட்டார். விட்டத்தை எப்படி எரிப்பது என்று எனக்குப் புரியவில்லை, மாட்டேன் என்று தலையாட்டினேன். எரிக்காதவரை அந்தக் கரி மரத்துக்குள்ளேதான் இருக்கும், மரம் வெளியே நின்றால் என்ன, வீட்டுக்குள் படுத்திருந்தால் என்ன என்று அவர் சொன்னதாக அதிகாரி சொன்னார். காகிதத்தின் ஓரத்தில் நான்காவதாக ஒரு கட்டத்தைப் பேனாவால் வரைந்து, அதில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறுத்துக் காயவைத்து ஆவணியில் விட்டம் ஏற்றினோம். அதிகாரியும் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அவருடைய சரக்கும் அதில் இருந்தது அல்லவா. ஏற்றி முடித்ததும் மனைவி பால் காய்ச்ச அடுப்பு மூட்டினாள். பச்சை விறகு, புகை மேலே போய் விட்டத்தில் மோதியது. அதிகாரி பதறி, புகை படலாமா என்று கேட்டார். எதைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "பொறந்ததுல இருந்து புகைதான் சாப்பாடுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க, தின்னுட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

பணம் வந்ததா என்று கேட்பார்கள். வந்தது. ஊருக்குப் பொதுவாக வந்ததை வைத்துக் கோயிலுக்கு ஒரு பெரிய அண்டா வாங்கினார்கள். அதிகாரி அடுத்த வருடமும் வந்தார், அண்ணாந்து பார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடம் வரவில்லை. திட்டம் வேறு மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விட்டம் ஏற்றின வருட ஐப்பசியில் மழை அடித்துக்கொண்டு வந்தது. விடாமல் பெய்தது. கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நானாக வாய் திறந்து ஓர் எண்ணத்தைச் சொல்வது அபூர்வம். அன்று சொன்னேன்.

"இது நம்ம ஊட்டை மட்டும் தாங்கலே. எங்கியோ ஒரு தொழிற்சாலையையும் சேத்துத் தாங்குது."

அவள் கத்தியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மழைச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டாள்.

"அவங்களுக்கும் ஒழுகாம இருந்தாச் செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.